மேட்டில் ஊசி ஏறுகிறது, கியர் வழுக்குகிறது: ரேடியேட்டரா, கியர்பாக்ஸா?

மேட்டுவழி:

அனைவருக்கும் வணக்கம். மூன்று வாரமாக இந்தக் காரோடு போராடிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பெட்ரோல் கார், ஆறு கியர் ஆட்டோமேட்டிக். 11 வருடம் ஆகிறது, 1,34,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சமதரையில் ஒரு குறையும் இல்லை. டெம்பரேச்சர் ஊசி நடுவில் அப்படியே நிற்கும். நான்கு பேர் ஏறி, ஏசி போட்டுக்கொண்டு, நீளமான ஏற்றத்தில் பதினைந்து இருபது நிமிடம் போனால்தான் தொல்லை. ஊசி மெதுவாக நகர்ந்து முக்கால் அளவுக்கு வந்துவிடுகிறது. அதற்கப்புறம் இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறும்போது என்ஜின் இரைச்சல் மட்டும் கூடுகிறது, வண்டி இழுக்கவில்லை. ஒரு நொடி கழித்து வெடுக்கென்று கியர் விழுகிறது. வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டால் இரண்டும் சரியாகிவிடுகிறது.

காரின் கணினியிலிருந்து அளவுகளைப் படிக்கும் ஓபிடி கருவியை மாட்டிப் பார்த்தேன். சமதரையில் கூலன்ட் 92 முதல் 94 டிகிரி செல்சியஸ். ஏற்றத்தில் 111 வரை போனது. அதே நேரத்தில் கியர் ஆயில் 123 காட்டியது.

தெர்மோஸ்டாட்டை மாற்றிவிட்டேன். கூலன்ட்டை வடித்துப் புதிதும் ஊற்றியாயிற்று. இரண்டும் தனித்தனிப் பிரச்சினை, முதலில் கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்கலாம் என்று பட்டறையில் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் போகிறதே, எப்படித் தனித்தனியாக இருக்கும்?

இன்னொன்று. நேற்று கூலன்ட் டப்பாவைத் திறந்தபோது மேலே எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி மெல்லிய படலம் ஒன்று இருந்தது. கூலன்ட்டே சிவப்பு நிறம் என்பதால் அது என்னவென்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு 300 கிலோமீட்டர் போக வேண்டும். போகலாமா?

---

காற்றுவழி:

முதலில் ஃபேனைப் பாருங்கள். எந்த வேகத்தில் ஹீட் ஆகிறது என்பதை வைத்தே பாதி விடை கிடைத்துவிடும். நின்றுகொண்டிருக்கும்போதோ ஊர்ந்து போகும்போதோ ஹீட் ஆகி, வேகமெடுத்ததும் இறங்கினால் காற்றுதான் போதவில்லை என்று அர்த்தம். 80, 100 வேகத்தில் ஹீட் ஆனால் ஃபேனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த வேகத்துக் காற்றே போதும். அப்போது ரேடியேட்டருக்குள் அடைப்பா, வாட்டர் பம்ப் தள்ளுகிறதா, கீழ் ஹோஸ் உறிஞ்சலில் சப்பிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஏற்றத்தில் நீங்கள் 30, 40 வேகத்தில்தான் போயிருப்பீர்கள். சுமை அதிகம், காற்று குறைவு. பல வண்டிகளில் ஃபேனுக்கு இரண்டு வேகம் உண்டு. மெதுவான வேகம் ஓடுவதைப் பார்த்துவிட்டு ஃபேன் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். வேகமான ஓட்டம் வராமலே போயிருக்கும்.

---

பழைய ஸ்பானர்:

தம்பி, ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், இல்லை வேறு வண்டியில் போங்கள். அந்தப் படலம் என்னவென்று தெரியும்வரை இந்த வண்டியை ஓட்டவே வேண்டாம். இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நான் ஒரு கியர்பாக்ஸை முழுசாக இழந்தவன், அதனால் சொல்கிறேன்.

பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கார்களில் கியர் ஆயிலைக் குளிர வைக்கும் கூலர் தனியாக வெளியே இருக்காது. ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள்ளேயே, கூலன்ட் குளிர்ந்து வெளியேறும் பக்கத்தில், ஒரு சின்னக் குழாய்க் கூடு மாதிரி உட்கார்ந்திருக்கும். கியர்பாக்ஸிலிருந்து இரண்டு குழாய்கள் அங்கே வந்து சேரும். உங்கள் வண்டியில் அப்படி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் கியர்பாக்ஸ் மேலேயே தட்டுத் தட்டான கூலர் ஒன்றைப் பொருத்தி, கூலன்ட் ஹோஸை அங்கே கொண்டுபோயிருப்பார்கள். இடம்தான் வேறு, கதை ஒன்றுதான்.

இதிலிருந்து மூன்று விஷயம் வருகிறது.

ரேடியேட்டர் சரியாகக் குளிர வைக்கவில்லை என்றால் கியர் ஆயிலும் குளிராது. தன்னைச் சுற்றி ஓடும் கூலன்ட்டை விட எண்ணெய் குளிர வழியே இல்லை. நீங்கள் சொன்ன 111, 123 இரண்டும் சேர்ந்தே ஏறியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். கியர் ஆயில் 80 முதல் 95 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. 120ஐத் தாண்டினால் வேகமாகக் கெட ஆரம்பிக்கும். 10, 11 டிகிரி கூடினால் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது பட்டறைகளில் ரொம்ப காலமாகச் சொல்லிவரும் கணக்கு. சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போனால் அழுத்தம் குறையும், கிளட்ச் பிளேட்டைப் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே வழுக்குவது அப்படித்தான்.

தலைகீழாகவும் நடக்கும், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது என்ஜின் விசையை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோகும் டார்க் கன்வர்ட்டர், லாக் ஆகாமல் (இரு பக்கமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளாமல்) எண்ணெயைக் கடைந்துகொண்டே இருக்கும். கியர்பாக்ஸில் சூடு பிறக்கும் முக்கியமான இடம் அதுதான். கிளட்ச்சும் சேர்ந்து வழுக்கினால் அந்தச் சூடு முழுக்க ரேடியேட்டரில் வந்து விழும். என்ஜின் ஹீட் ஆவதுபோல ஊசி ஏறும், ஆனால் குற்றம் என்ஜினில் இருக்காது.

மூன்றாவதுதான் எனக்குக் கவலை. தொட்டிக்குள் இருக்கும் அந்தக் கூலரில் ஒரு மயிரிழை விரிசல் விட்டால் எண்ணெயும் கூலன்ட்டும் கலக்கும். என்ஜின் ஓடும்போது பொதுவாக எண்ணெய்ப் பக்கம் அழுத்தம் அதிகம், அதனால் எண்ணெய் கூலன்ட்டுக்குள் போகும். என்ஜினை நிறுத்தியதும் எண்ணெய் அழுத்தம் பூஜ்யமாகிவிடும். ரேடியேட்டரிலோ சூடு ஆறும்வரை 1 பார் அளவுக்கு அழுத்தம் நிற்கும். நீங்கள் வண்டியைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் போன பிறகு கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பரப்பு காகித வகைப் பொருள், இரும்புத் தட்டில் பசையால் ஒட்டியது. கூலன்ட்டில் இருக்கும் தண்ணீரும் கிளைக்கால் (glycol) என்ற திரவமும் பட்டால் அது ஊறி, பசை விட்டு, உரிந்து வந்துவிடும்.

எனக்கு நடந்தது அதுதான். கியர் வழுக்குகிறது என்று பட்டறையில் விட்டேன். கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்து, பிளேட்டெல்லாம் புதிதாகப் போட்டு ஏற்றினார்கள். ரேடியேட்டரை யாரும் தொடவில்லை, எனக்கும் அப்போது சொல்லத் தெரியவில்லை. மூன்றே மாதம். ஒரு நாள் காலை ரிவர்ஸ் போட்டேன், வண்டி நகரவில்லை. எண்ணெயை வடித்தபோது பால் கலந்த ரோஜா நிறத்தில் நுரைத்துக்கொண்டு வந்தது. புதிதாகப் போட்ட பிளேட்டுகள் உரிந்து கிடந்ததைக் கையில் எடுத்துப் பார்த்த அந்த நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. வண்டி முழுக்க ஆறியபின் மூடியைத் திறந்து, மேல்மட்டத்திலிருந்து கொஞ்சம் கூலன்ட்டைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து ஒரு இரவு அசையாமல் வையுங்கள். எண்ணெய் இருந்தால் மேலே தனி அடுக்காக ஒதுங்கும். அது தெளிந்த சிவப்பா, கறுப்பா பழுப்பா என்று பாருங்கள். சிவப்பு என்றால் கியர் ஆயில். கறுப்பு, பழுப்பு என்றால் என்ஜின் ஆயிலாக இருக்கலாம், அது ஹெட் கேஸ்கட் (என்ஜினின் மேல்பாகத்துக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) பக்கம் போகிற வேறு கதை. அதற்கு நீல நிறத் திரவம் ஊற்றிய ஒரு சோதனைக் குழாய் இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் வைத்து உறிஞ்சும்போது திரவம் மஞ்சளாக மாறினால் என்ஜினுக்குள் எரிந்த புகை கூலன்ட்டுக்குள் வருகிறது என்று பொருள்.

கியர் ஆயிலிலும் மாதிரி எடுங்கள். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி (டிப்ஸ்டிக்) இருந்தால் சுலபம். எண்ணெய் பால் மாதிரி கலங்கியிருந்தால் அங்கேயே விடை. தெளிவாக இருந்தாலும் ஒரு சொட்டைச் சூடான இரும்புத் தட்டில் விட்டுப் பாருங்கள், தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, திறந்த வெளியில், ஒரே ஒரு சொட்டு.

---

மேட்டுவழி:

அண்ணா, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு நன்றி. பயணத்தை ரத்து செய்துவிட்டேன். வண்டி வீட்டு வாசலிலேயே நிற்கிறது.

நீங்கள் சொன்னபடிதான், கியர்பாக்ஸிலிருந்து இரண்டு குழாய்கள் ரேடியேட்டரின் வலப்பக்கத் தொட்டிக்குப் போகின்றன. கூலன்ட் மாதிரியை இரவு முழுக்க வைத்தேன். காலையில் மேலே ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, ஆனால் தெளிவாகத் தெரிகிற அடுக்கு. கூலன்ட்டை விடக் கொஞ்சம் அடர்ந்த சிவப்பு.

என் வண்டியில் டிப்ஸ்டிக் கிடையாது. அடியில் எண்ணெய் அளவு பார்க்க ஒரு லெவல் பிளக் (திருகு மூடி) மட்டும்தான். அதைத் திறந்து சிறு டப்பாவில் பிடித்தேன். எண்ணெய் பழுப்பு கலந்த சிவப்பு, லேசாகக் கருகிய வாடை. கலங்கல் இல்லை. இரும்புத் தட்டில் விட்டேன், பொரியவில்லை, புகை மட்டும் வந்தது. மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்றிலும் அப்படியே. நிம்மதியாக இருந்தது.

காற்றுவழி அவர்கள் சொன்னதையும் பார்த்தேன். ஏசி போட்டால் ஃபேன் ஓடுகிறது, 100 டிகிரியைத் தாண்டியதும் வேகம் கூடுகிறது. ஆனால் முன் பம்பரைக் கழற்றியபோது வேறொன்று கண்ணில் பட்டது. ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே விரற்கடை அளவு இடைவெளி இருக்கிறதல்லவா, அதன் கீழ்ப்பாதி முழுக்கப் புழுதியும் பூச்சிகளும் காய்ந்த சருகுமாகக் கம்பளி மாதிரி படிந்திருக்கிறது. முன்னாலிருந்து பார்த்தால் கண்டன்சர் பளிச்சென்று இருந்தது, அதனால் இதுவரை யாருக்கும் தெரியவில்லை.

---

பழைய ஸ்பானர்:

எண்ணெய் பொரியவில்லை என்பது நல்ல செய்தி. இப்போதைக்கு ஒரு திசையில்தான் கசிவு போயிருக்கிறது, இல்லை மிகக் கொஞ்சமாக இருக்கிறது. ஆனால் கூலன்ட்டில் எண்ணெய் வந்துவிட்டது, அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ரேடியேட்டரில் சேரும் இரண்டு எண்ணெய்க் குழாய்களையும் கழற்றிவிடுங்கள். கழற்றும்போது ஒரு ஸ்பானரால் தொட்டியில் இருக்கும் ஃபிட்டிங்கை அசையாமல் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டைத் திருப்புங்கள். ஒரே ஸ்பானரால் திருகினால் உள்ளே இருக்கும் கூலரும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும், இல்லாத விரிசல் வந்துவிடும். அந்த இரண்டு வாயிலிருந்தும் மிச்ச எண்ணெயைக் காற்றால் ஊதித் துடைத்துவிடுங்கள். பிறகு ரேடியேட்டர் மூடியின் இடத்தில் கைப் பம்ப்பை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்துக்கு ஏற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அந்த இரண்டு வாயையும் பார்த்துக்கொண்டே இருங்கள். கூலன்ட் எட்டிப் பார்த்தால் கூலர் போய்விட்டது.

குளிர்ந்த நிலையில் ஒன்றும் தெரியாவிட்டால் விட்டுவிடாதீர்கள். சில விரிசல்கள் சூட்டில்தான் வாய் திறக்கும். குழாய்களைத் திரும்ப மாட்டி, என்ஜினைச் சூடாக்கி, கை வைக்கும் அளவுக்கு ஆறவிட்டு, அப்புறம் மறுபடி கழற்றி இன்னொரு தடவை செய்யுங்கள்.

வருகிற சொட்டு சிவப்பாக இருக்கும், உங்களுக்குக் குழப்பம் வரும். ஒரு டம்ளர் தண்ணீரில் விடுங்கள். கூலன்ட் கரையும், எண்ணெய் மிதக்கும்.

---

நீலக்கதவு:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். கசிவு இவ்வளவு சின்னதாக இருந்தால், ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டையை அடைக்கும் திரவம் விற்கிறார்களே, அதை ஊற்றிப் பார்க்கலாமே? இல்லாவிட்டால் அந்த இரண்டு குழாயையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டு ரேடியேட்டர் கூலரையே ஒதுக்கிவிட்டால் என்ன?

---

பழைய ஸ்பானர்:

இரண்டுமே வேண்டாம். கேட்டதற்குத் தவறில்லை, நானும் ஒரு காலத்தில் யோசித்த வழிதான்.

அடைக்கும் திரவத்துக்கு எது ஓட்டை, எது வழி என்று தெரியாது. ரேடியேட்டரின் சன்னக் குழாய்களிலும் காருக்குள் சூடு தரும் ஹீட்டர் கோரிலும் போய்ப் படியும். ஏற்கெனவே ஹீட் ஆகும் வண்டி அது. அதோடு இங்கே ஓட்டையின் மறுபக்கம் வெறும் காற்று இல்லை, கியர்பாக்ஸ் இருக்கிறது. கொஞ்சம் உள்ளே போனாலும் எண்ணெயைத் திருப்பிவிட்டு கியரை மாற்றும் வால்வ் பாடியில் மாட்டும்.

குழாய்களை இணைத்துவிட்டால் எண்ணெய் எங்கேயும் குளிராது. அப்படி ஒதுக்குவதென்றால் தகுந்த அளவில் வெளிக் கூலர் ஒன்றைப் போட வேண்டும். அது நல்ல வழிதான், அதிகச் சுமை இழுப்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்வேன். ரேடியேட்டர் கூலர் நன்றாக இருந்தால் எண்ணெய் முதலில் அதில் போய், பிறகு வெளிக் கூலர் வழியாகக் கியர்பாக்ஸுக்குத் திரும்புவதுபோல் போடுவது வழக்கம். கடும் குளிர் உள்ள இடங்களில் ரேடியேட்டர் கூலரை ஒதுக்கிவிட்டால் எண்ணெய் சூடேறவே நேரமாகும், அது வேறு சங்கடம். அங்கே எண்ணெய் சூடான பிறகே வழிவிடும் தெர்மோஸ்டாட் வால்வ் சேர்த்துப் போட வேண்டும். ஹோஸும் கியர் ஆயிலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும்.

---

மேட்டுவழி:

சோதனை முடிந்தது. மூடியில் 1.1 பார் என்று எழுதியிருந்தது, அந்த அளவுக்குத்தான் ஏற்றினேன். குளிர்ந்த நிலையில் 40 நிமிடம் உட்கார்ந்து பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. முள் கூட இறங்கவில்லை. நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் அத்தோடு மூடிவிட்டு எல்லாம் சரி என்று ஓட்டியிருப்பேன்.

சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி ஏற்றினேன். பத்தாவது நிமிடம் கீழ் வாயில் ஒரு முத்து மாதிரி திரண்டு நின்றது. தொட்டு டம்ளர் தண்ணீரில் விட்டேன். கரைந்துவிட்டது. கூலன்ட்.

புது ரேடியேட்டர் போட முடிவு செய்துவிட்டேன். இரண்டு கேள்வி. கியர் ஆயிலை என்ன செய்வது? கூலன்ட் பக்கத்தை எப்படிச் சுத்தம் செய்வது?

---

பழைய ஸ்பானர்:

நேரத்தில் பிடித்துவிட்டீர்கள் தம்பி, மனசு நிறைந்தது. இனிச் செய்வதை அவசரப்படாமல் செய்யுங்கள்.

அடியிலிருந்து வடித்தால் கியர் ஆயில் முழுசாக வராது. டார்க் கன்வர்ட்டரிலும் குழாய்களிலும் நின்றுவிடும். உங்கள் கியர்பாக்ஸுக்கு மொத்தம் 8 லிட்டர், ஒருமுறை வடித்தால் 3.5 லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் தடவைக்குப் பிறகு பழைய எண்ணெய் 56 சதவீதம் மிச்சம் இருக்கும். இடையில் ஓட்டிக் கலக்கவிட்டு இரண்டாவது தடவை மாற்றினால் 32, மூன்றாவதில் 18. அதனால் மூன்று தடவை மாற்றுங்கள். முதல் தடவையே அடித்தட்டைக் கழற்றி ஃபில்டரைப் பாருங்கள், காந்தத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்றும் பாருங்கள். சாம்பல் நிறப் பசை இருந்தால் வழக்கமான தேய்மானம். உலோகச் சீவல், காகிதத் துணுக்கு இருந்தால் எனக்கு எழுதுங்கள். கூலருக்குப் போகும் இரண்டு குழாய்களையும் புது ரேடியேட்டரில் மாட்டும் முன் ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

டிப்ஸ்டிக் இல்லாத பெட்டியில் அளவு பார்க்கும்போது எண்ணெயின் சூடு முக்கியம். பல கியர்பாக்ஸ்களில் 35 முதல் 45 டிகிரிக்குள், என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, வண்டி மட்டமாக நிற்க, லெவல் பிளக்கிலிருந்து மெல்லிதாக வழிந்தால் சரியான அளவு. உங்கள் வண்டிக்கான டிகிரி அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சூடான எண்ணெய் விரிந்திருக்கும், அந்த நிலையில் அளவு பார்த்தால் குறைவாகவே நிரப்பிவிடுவீர்கள்.

கூலன்ட் பக்கம் எண்ணெய் கொஞ்சமாகத்தான் இருக்கிறது. கூலிங் சிஸ்டத்துக்கென்று விற்கும் கழுவும் திரவத்தை ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓடவிட்டு வடியுங்கள். பிசுக்கு நிற்கும்வரை வெறும் தண்ணீரில் அலசுங்கள். எண்ணெய் ஊறிய ஹோஸ் உப்பிப்போய்க் கொழகொழவென்று இருக்கும், அழுத்திப் பார்த்து அப்படி இருப்பதை மாற்றிவிடுங்கள். கடைசியாகக் கையேட்டில் சொல்லும் வகைக் கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. மூடியையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். அந்தப் பாதிக்குப் பாதிக் கலவை சும்மா வைத்தால் 107 டிகிரி அளவில் கொதித்துவிடும், 1 பார் அழுத்தம் பிடித்து நின்றால் 129 வரை தாங்கும். 111இல் உங்கள் வண்டி கொதித்து வழியாமல் காப்பாற்றியது அந்த மூடிதான்.

கண்டன்சரைக் கழுவும்போது தண்ணீரை மெதுவாக, என்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாக விடுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், தகடுகள் மடங்கிவிடும்.

---

மேட்டுவழி:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். முழுசாகப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

புது ரேடியேட்டர், புது மூடி, இரண்டு ஹோஸ். கண்டன்சர் பின்பக்கத்திலிருந்து அரை வாளி அளவுக்குக் குப்பை வந்தது. அடித்தட்டின் காந்தத்தில் சாம்பல் பசை மட்டும்தான், சீவல் இல்லை. கியர் ஆயில் மூன்று தடவை மாற்றியாயிற்று. மூன்றாவதில் வடிந்தது கிட்டத்தட்டப் புது எண்ணெய் நிறத்திலேயே இருந்தது.

அதே ஏற்றத்தில், அதே நான்கு பேரோடு, ஏசி போட்டுக்கொண்டு ஏறினேன். கூலன்ட் அதிகபட்சம் 99. கியர் ஆயில் 101. வழுக்கல் இல்லை. குப்பையால் எவ்வளவு குறைந்தது, ரேடியேட்டரால் எவ்வளவு குறைந்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட்டேன்.

ஒரே ஒரு குறை மிச்சம். காலையில் முதல் தடவை இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது மட்டும் ஒரு சின்னத் தயக்கம். சூடேறியபின் இல்லை.

---

பழைய ஸ்பானர்:

123 டிகிரியில் ஓடிய நாட்களில் அந்த கிளட்ச் கொஞ்சம் தேய்ந்திருக்கலாம். முதலில் ஸ்கேன் கருவியில் கியர் அடாப்டேஷனை (கியர் மாற்றுவதைப் பற்றிக் கணினி கற்றுவைத்திருக்கும் கணக்கை) ரீசெட் செய்து, கையேட்டில் சொன்ன முறையில் ஓட்டிப் பழக்குங்கள். புது எண்ணெய்க்கும் பழைய கணக்குக்கும் ஒத்துவராமல் இருந்தால் அதிலேயே தயக்கம் போய்விடும். போகாவிட்டால் உடனே எதையும் பிரிக்க வேண்டாம். தயக்கம் அதே அளவில் நிற்கிறதா, கூடுகிறதா என்று குறித்து வையுங்கள். 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கூலன்ட்டைப் பாட்டிலில் எடுத்து ஒரு இரவு வைத்துப் பாருங்கள்.

---

மேட்டுவழி:

ரீசெட் செய்தேன் அண்ணா. தயக்கம் பாதியாகக் குறைந்திருக்கிறது. பாட்டில் ஜன்னலோரம் இருக்கிறது, இன்று காலை பார்த்தேன், மேலே ஒன்றும் இல்லை.